கிளைவு வீடும் தமிழர் வீடுகளும்

(புதுக்கோட்டையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்க்கு வெளியூர்களில் ஒரு சுடுசொல் காத்திருக்கும். "கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த ஊர்க்காரரா?" என்பதே அச்சொல். கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். கேட்கப்பட்டவர் தலைகுனிவார், அல்லது சினந்து, "எட்டையபுரத்தானைப் போய்க் கேள்" என்பார். ஓர் ஊரின் பெயர் இழிவாயிற்று. ஒரு பாளையக்காரரின் பெயர் தமிழ்மொழியில் இரண்டகத்துக்கே மறுபெயராயிற்று. இருநூறு ஆண்டுகட்கு மேலாகத் தமிழன் தமிழனை இவ்வாறு வைதுகொண்டிருக்கின்றான்.

வைவது இருக்கட்டும். பிடித்துக் கொடுத்தவர் பெயர் தெரிந்த தமிழர்க்கு, வாங்கிக்கொண்டவன் பெயர் தெரியுமா? கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்ட 1799-ஆம் ஆண்டிலும், மருதிருவர் தூக்கிலேற்றப்பட்ட 1801-ஆம் ஆண்டிலும், சென்னைச் செயிண்டு சார்சு கோட்டையில் ஆளுநராய் வீற்றிருந்தவன் யார்? படைத்தலைவன் பானர்மேன் பெயரைச் சிலர் சொல்வர். அக்னியூ பெயரை மிகச் சிலர் சொல்வர். அவர்களை ஏவியவன் பெயரைச் சொல்வாரைக் காண்பது அரிது.

அவன் பெயர் எட்வர்டு கிளைவு. பாடநூலில் எல்லாரும் படித்த இராபர்ட்டு கிளைவின் மூத்த மகன். தந்தை திறந்த கதவு வழியே மகன் நுழைந்தான். அந்த வீட்டின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் புதுக்கோட்டையின் வரலாற்றை முழுதுணர இயலாது. ஆதலின், அவ்வீட்டின் கணக்கையும் தமிழர் வீடுகளின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பொழிவின் நோக்கம்.

ஐந்து பவுன் எழுத்தன்

இராபர்ட்டு கிளைவு 1725-இல் இங்கிலாந்தின் சுரோப்சயர் மாவட்டத்தில் பிறந்தவன். பழங்குடி, ஆனால் பெருஞ்செல்வம் இல்லாத குடி. 1744-இல், மக்கள் 'கும்பெனி' என்று வழங்கிய கிழக்கிந்திய வணிகக் குழுமத்தின் எழுத்தனாகச் சென்னையில் வந்திறங்கினான். எழுத்தனுக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுன். கணக்கேடு எழுத வந்தவன் வாளேந்தினான். 1751-இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாட்களுக்கு மேலாக முற்றுகையைத் தாங்கினான். அன்றே அவன் பெயர் ஐரோப்பாவிற்கு எட்டியது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஆர்க்காட்டில் கிளைவு தாக்குப்பிடித்தது திருச்சிராப்பள்ளிக் கோட்டையைக் காப்பதற்காக. அக்கோட்டையில் ஆங்கிலேயர் சார்பான நவாபு முகமது அலி அடைபட்டிருந்தான். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சியரும் சூழ்ந்திருந்தனர். அடைபட்டோர்க்குச் சோறு எங்கிருந்து வந்தது? புதுக்கோட்டையிலிருந்து வந்தது. அன்றைய தொண்டைமான் விசயரகுநாதராயர் 400 குதிரைவீரரையும் 3,000 காலாட்களையும் அனுப்பினார். தவசங்களையும் கால்நடைகளையும் காட்டு வழிகளில் ஓட்டி அனுப்பினார். 1752-இல் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை பணிந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டான். அவ்வெற்றியால் ஆங்கிலேயர் தென்னாட்டில் வேரூன்றினர். அந்த வேருக்கு நீர் வார்த்தவற்றுள் வெள்ளாற்றங்கரை வயல்களும் உண்டு.

நாடாளுமன்ற நாற்காலிகள்

கிளைவு 1757-இல் பிளாசியில் வங்காளத்தின் நவாபை வீழ்த்தினான். வீழ்ந்தவனின் இடத்தில் அமர்த்தப்பட்ட மீர் சாபர் அவனுக்குக் கொடுத்த 'அன்பளிப்பு' 2,34,000 பவுன். பின்னர் ஆண்டுதோறும் 27,000 பவுன் வருவாய் தரும் சாகீர் உரிமையும் வந்தது. ஆண்டுக்கு 5 பவுன் பெற்ற எழுத்தன், தன் முதலாளிகளிடமிருந்தே நிலவரி பெறும் நிலக்கிழான் ஆனான்!

இப்பணம் எங்கே போயிற்று என்பதே தமிழர் கண்டுகொள்ள வேண்டிய செய்தி. அது பெட்டியில் உறங்கவில்லை, நிலமாயிற்று, நிலம் வாக்காயிற்று, வாக்கு நாடாளுமன்ற இருக்கையாயிற்று. கிளைவு 1761-இல் சுரூசுபரி நகரின் உறுப்பினனாகி, இறக்கும் வரை அவ்விருக்கையில் இருந்தான். தந்தை ரிச்சர்டு கிளைவு மாண்ட்கோமரியின் உறுப்பினர். 1763-இல் வால்கட்டு என்னும் பண்ணையை வாங்கினான். அதனோடு பிசப்சு காசில் என்னும் சிற்றூரின் வாக்குகளும் கைக்கு வந்தன. அங்கே உறவினன் சார்சு கிளைவும், உடன்பிறந்தான் வில்லியம் கிளைவும் அமர்ந்தனர். மகன் எட்வர்டு 1774-இல் லட்லோ தொகுதியின் உறுப்பினன் ஆனான். அப்போது அவன் அகவை இருபது! கையளவு வாக்காளரே உள்ள இத்தகைய ஊர்களை 'அழுகிய ஊர்கள்' என்று ஆங்கிலேயரே பின்னர் எள்ளினர். பிசப்சு காசிலின் இருக்கைகள் 1832-இல் பறிக்கப்பட்டன. அதற்குள் அவை ஆற்ற வேண்டிய பணியை ஆற்றி முடித்துவிட்டன.

அப்பணி யாது? 1770-இல் வங்காளம் பெரும்பஞ்சத்தில் மடிந்தது. கும்பெனியாரின் கொள்ளையைப் பற்றி இங்கிலாந்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. 1773-இல் நாடாளுமன்றம் கிளைவின் செல்வத்தை ஆராய்ந்தது. அவன் 2,34,000 பவுன் பெற்றது உண்மையே என்று தீர்மானித்த அதே அவை, அவன் தன் நாட்டுக்கு மிகப் பெரிய தொண்டாற்றினான் என்றும் தீர்மானித்தது. ஒரே மூச்சில் குற்றமும் பாராட்டும்! அவன் 1774 நவம்பரில் இலண்டனில் இறந்தான். பட்டமும் பண்ணையும் வாக்குகளும் மகனுக்கு வந்தன. ஒருவன் இறந்தாலும் வீடு இறக்காத அமைப்பு அது.

மகன் வந்த கதை

எட்வர்டு கிளைவு தந்தையைப் போல வாள்வீரன் அல்லன். அவனுடைய பெரிய வெற்றி 1784-இல் நடந்த திருமணம். மணமகள் என்றியெட்டா, பவிசு கோமகனின் மகள். கிளைவு வீட்டில் பணம் இருந்தது. எர்பர்ட்டு என்னும் அப்பழங்குடியில் பெயர் இருந்தது. இரண்டும் இணைந்தன.

1798 ஆகத்தில் எட்வர்டு சென்னை ஆளுநராய் வந்தான். கல்கத்தாவில் தலைமை ஆளுநராயிருந்த ரிச்சர்டு வெல்லெசுலியும் அதுபோன்ற மற்றொரு வீட்டினன். அவனுடைய உடன்பிறந்தார் ஆர்தர் படையிலும், என்றி அலுவலிலும் இருந்தனர். தென்னாட்டின் தலையெழுத்தை அவ்வைந்தாண்டுகளில் எழுதியவை, ஒன்றுக்கொன்று தெரிந்த இரண்டு வீடுகளே என்றால் மிகையாகாது.

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். அதே ஆண்டு தஞ்சையின் ஆட்சி சரபோசியிடமிருந்து கும்பெனிக்குப் போயிற்று. 1801 சூலையில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் போயிற்று. 1800-இல் என்றியெட்டா தன் இரு பெண்மக்களோடு சீரங்கப்பட்டணம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தரங்கம்பாடி எனச் சென்னையிலிருந்து ஏழு திங்கள் உலா வந்தாள். அரும்பொருள்களைத் திரட்டினாள். தென்னாடு குருதி சிந்திக்கொண்டிருந்த அதே பருவத்தில் ஆளுநர் வீட்டார்க்கு அது காட்சிச்சாலையாய் இருந்தது.

திருக்களம்பூர் முதல் திருப்பத்தூர் வரை

1799 செபுதம்பரில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் வடக்கே வந்தார். புதுக்கோட்டை எல்லைக்குட்பட்ட திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்தனர், ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். அக்தோபரில் கயத்தாற்றில் அவர் தூக்கிலேற்றப்பட்டார்.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 1801 சூன் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கத்துக் கோயில் மதிலிலும் சின்னமருதின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. குலமும் சமயமும் பாராமல் அனைவரையும் விளித்து, வெள்ளையனை எதிர்த்தெழுமாறு அழைத்த அறிவிப்பு அது. அதற்கு எதிரறிவிப்பை எட்வர்டு கிளைவின் ஆட்சி சூலையில் வெளியிட்டது. சிவகங்கைக்குப் படமாத்தூர் உடையத்தேவரே உரியவர் என்று சாற்றி, மருதிருவர்க்கு நிலைக்களனே இல்லாமற் செய்ய முயன்றது. நாட்டைப் பிடிக்கப் படை வேண்டும். அதனினும் முன்பாக, நாட்டுக்குள்ளேயே வேறொரு வீடு வேண்டும் என்னும் சூழ்ச்சியைத் தந்தையின் பிளாசியிலிருந்தே மகன் கற்றிருந்தான் போலும்!

அப்போரிலும் புதுக்கோட்டை அரசு ஆங்கிலேயர் பக்கமே நின்றது; படையும் உணவும் தந்தது. 1801 அக்தோபர் 24-ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாயிற்று. திசம்பரில் எட்வர்டு கிளைவின் பெயரால் வந்த அறிவிப்பு, பாளையத்து மக்கள் படைக்கலம் ஏந்துவதையே தடைசெய்தது. வேலும் வாளும் வளரியும் தமிழ்வீடுகளினின்று பறிக்கப்பட்ட காலம் அது.

ஒரு கோட்டை, ஓர் யானை

இத்துணைத் துணைக்கும் புதுக்கோட்டை பெற்ற கூலி என்ன? தஞ்சையோடு நெடுங்காலம் வழக்கிலிருந்த கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த நிலமும் 1803-இல் தொண்டைமானுக்குக் கொடுக்கப்பட்டன. எட்வர்டு கிளைவு பதவி விட்டுச் சென்றதும் அவ்வாண்டே. இலண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்கள் 1806-இல் அதற்கு ஒப்புதல் தந்தனர். அதிலும் ஒரு கட்டுப்பாடு: ஆண்டுக்கு ஓர் யானையைத் திறையாகச் செலுத்த வேண்டும்! அத்திறை கேட்கப்படவேயில்லை; 1836-இல் முறைப்படி விலக்கவும் பட்டது. கேட்கப்படாவிடினும் அதன் பொருள் விளங்காமல் இல்லை. ஐம்பதாண்டு நண்பனுக்குக் கொடுத்த ஒரே கோட்டையையும், 'நீ திறை கட்டுபவன்' என்று எழுதியே கொடுத்தான் வெள்ளையன்.

எட்வர்டு கிளைவு பெற்றது என்ன? ஊர் திரும்பியதும் 1804-இல் பவிசு கோமகன் என்னும் பட்டம். மனைவியின் உடன்பிறந்தான் வழிமரபின்றி 1801-இல் இறந்திருந்தமையால் பவிசு வீட்டின் நிலங்கள் முழுவதும் அவன் மகனுக்கு வந்தன. அம்மகன் 1807-இல் எர்பர்ட்டு என்று பெயரையே மாற்றிக்கொண்டான். கிளைவு என்னும் பெயரில் ஒட்டியிருந்த குருதிக்கறை, பழங்குடிப் பெயரின்கீழ் மறைந்தது. திப்புவின் கூடாரமும், அவர் அரியணையை அணிசெய்த பொற்புலித் தலையும் வேல்சு நாட்டிலுள்ள அவ்வீட்டின் கோட்டையிலேயே இன்றும் இருக்கின்றன. கிளைவு அருங்காட்சியகம் என்ற பெயரில் அங்கே காட்டப்பெறுகின்றன.

சென்னையிலும் அவன் ஒரு தடம் விட்டுச் சென்றான். பிளாசி வெற்றிக்கும் சீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாக அவன் எழுப்பி 1802-இல் திறந்த விருந்து மாளிகையே, பின்னர் இராசாசி மண்டபம் எனப் பெயர் பெற்றது. 1969-இல் பேரறிஞர் அண்ணாவின் உடலும், 1973-இல் தந்தை பெரியாரின் உடலும் மக்கள் வணங்குதற்காக அங்கேதான் கிடத்தப்பெற்றன. அழுதுகொண்டே அப்படிகளில் ஏறிய இலக்கக் கணக்கான தமிழருள், அது எவர் வீழ்ச்சியைக் கொண்டாடக் கட்டப்பட்டது என்று எத்துணைப் பேர் அறிந்திருப்பர்?

மூன்று வீட்டு மைந்தர்

பெருமக்களே! ஓர் அரசியலின் உண்மை முகத்தை அது பிள்ளைகளை நடத்தும் முறையில் காணலாம். மூன்று வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

முதல் வீடு கிளைவு வீடு. எட்வர்டின் மூத்த மகன் இரண்டாம் பவிசு கோமகன் ஆனான். இளைய மகனும் நாடாளுமன்ற உறுப்பினன். தென்னாட்டை உலாவந்த இரு பெண்மக்களுக்கும் 1817-இல் திருமணம் நடந்தது. ஒருத்தி வேல்சு நாட்டின் பெருநிலக்கிழார் வீட்டிற்குச் சென்றாள். மற்றொருத்தி சார்லெட்டு, நார்தம்பர்லாந்துப் பெருங்கோமகனின் துணைவியானாள். அவள் கணவன் 1829-இல் அயர்லாந்தை ஆளும் அரசப் பெயராளனாகச் சென்றான். பின்னாளில் விக்டோரியா அரசியாகவிருந்த சிறுமிக்கு ஆசிரியைப் பொறுப்பேற்றவளும் அவளே. தமிழகத்தை ஆண்ட வீட்டின் மகள் அயர்லாந்தை ஆளும் வீட்டில் விளக்கேற்றினாள்!

இரண்டாம் வீடு சிவகங்கையின் மருதுவீடு. சின்னமருதின் மகன் துரைச்சாமி அன்று சிறுவன். தந்தை தூக்கில் தொங்கியபின் அச்சிறுவன் எழுபதுக்கு மேற்பட்டோருடன் 1802-இல் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டான். போரில் எதிரணியில் நின்ற வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவன், இளமையில் சின்னமருதிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றவன். அவன் 1818-இல் பினாங்கில் துரைச்சாமியைக் கண்டான். இளமை மாறுமுன்பே முதுமை கொண்டிருந்த அவ்வுருவைத் தன் நூலில் பதிந்திருக்கின்றான். கிளைவின் பெண்மக்களுக்கு மணவிழா நடந்ததற்கு அடுத்த ஆண்டு அது.

இவ்விரண்டும் எதிர்பார்க்கத் தக்கவையே. வென்றவன் வீடு வாழும், தோற்றவன் வீடு வீழும் என்பர். மூன்றாம் வீட்டைப் பாருங்கள். அது வெள்ளையனோடு நின்ற வீடு. இதே புதுக்கோட்டையின் அரண்மனை. நூறாண்டுகட்கு மேல் பிழையாத நட்பு. 17 குண்டு முழக்க மதிப்பு. அவ்வீட்டின் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆத்திரேலியப் பெண் மாலி பிங்கு என்பாளை மணந்தார். மகன் பிறந்தான். அவ்வம்மையாரை அரசியாக ஏற்கவோ, அம்மகனை அரசுக்கு உரியவனாக ஏற்கவோ வெள்ளை ஆட்சி மறுத்துவிட்டது. தன் சீமையை விட்டுப் பிரான்சில் வாழ்ந்த அரசர் 1928-இல் பாரிசில் இறந்தார். அரசுரிமை வேறு கிளையிற் பிறந்த ஆறு அகவைச் சிறுவருக்குச் சென்றது, தேர்ந்தவன் வெள்ளையனே.

கிளைவு வீட்டான் எவளை மணந்தாலும் அவன் மகன் கோமகன். தொண்டைமான் தன் மகனைத் தன் மகன் என்று அரியணையிற் சொல்ல முடியவில்லை. எதிர்த்தவன் பிள்ளைக்குத் தீவு. துணைநின்றவன் பிள்ளைக்கும் வாயிலடைப்பு. கூட்டாளி என்ற சொல்லுக்கு வெள்ளையன் அகரமுதலியில் இருந்த பொருள் இதுவே.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கே ஒருவர் எழுந்து நயன்மையாகவே கேட்கலாம்: "தஞ்சை ஒருபுறம், சேதுநாடும் சிவகங்கையும் மறுபுறம் நெருக்கிய சிறிய சீமை, வலியவனோடு நட்புக் கொள்ளாமல் எவ்வாறு பிழைத்திருக்கும்? தஞ்சையும் ஆர்க்காடும் மறைந்தபோது புதுக்கோட்டை 1948 மார்ச்சு வரை தனியரசாக நிலைக்கவில்லையா?" இக்கேள்வியில் உண்மை உண்டு. அக்காலத்தில் தமிழ்நாடு என்னும் ஒருமையுணர்வு அரசர்களிடம் இல்லை. அண்டை அரசனே பகைவன், கடல்கடந்து வந்தவனே துணைவன் என்று எல்லாருமே எண்ணினர். தஞ்சைப் படையும் அன்று கிளைவின் பக்கமே திருச்சிராப்பள்ளியில் நின்றது. ஆதலின் புதுக்கோட்டையை மட்டும் தனியே நிறுத்திக் கல்லெறிவது வரலாறாகாது.

ஆயினும், பிழைத்தது எது என்று கேட்க வேண்டும். பிழைத்தது அரண்மனை, வெள்ளையன் குறித்த எல்லைக்குள், அவன் ஆள் சொற்கேட்டுப் பிழைத்தது. முடிவெடுத்தவர் அரசர், உழவரையோ நெசவாளரையோ எவரும் உசாவவில்லை. முடிவின் பழி மட்டும் மக்கள் தலையில் விழுந்தது. திருமயம் கோட்டையை இன்றும் 'ஊமையன் கோட்டை' என்று வழங்குகின்றார்களே, அது யார் வாய்ச்சொல்? இச்சீமை மக்களின் வாய்ச்சொல். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரைத் தங்கள் மண்ணின் கோட்டைக்கே சூட்டி அழைக்கும் மக்களை இரண்டகர் என்பது எவ்வளவு பொருந்தாத பேச்சு!

எனவே, இச்சீமைப் பிள்ளைகள் பொய்ம்மூடியும் பேச வேண்டியதில்லை, தலைகுனியவும் வேண்டியதில்லை. அரசர் செய்ததை அரசர் செய்தார் என்று துணிந்து சொல்க. வாங்கியவன் பெயரையும் உடன் சொல்க. கொடுத்தவனை மட்டும் வைது வாங்கியவனை மறப்பது, திருடனுக்குக் கதவு திறந்தவனை அடித்துவிட்டுத் திருடனுக்குச் சிலை வைப்பது போன்றது. ஆம், சிலைதான் வைத்திருக்கின்றார்கள்! இராபர்ட்டு கிளைவின் சிலை சுரூசுபரிச் சதுக்கத்தில் நிற்கின்றது. 2020-இல் அதனை அகற்றுமாறு ஆங்கிலேயருள்ளேயே ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். மாவட்ட மன்றம் ஒப்பவில்லை. தங்கள் வீட்டுக் கணக்கைத் தாங்களே கேட்கும் துணிவு அங்குள்ள இளைஞர்க்கு வந்திருக்கும்போது, இங்குள்ள இளைஞர் தங்கள் கணக்கைக் கேட்க வேண்டாவா?

கும்பெனியாரின் கடிதங்களும் அறிவிப்புகளும் ஆவணக் காப்பகங்களில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. அவை தமிழில் வர வேண்டும். பள்ளிப் பிள்ளையும் படிக்கும் தமிழில் வர வேண்டும். திருக்களம்பூருக்குச் செல்லும் மாணவன், அங்குப் பிடிபட்டவர் பெயரோடு சென்னையில் அமர்ந்து ஆணையிட்டவன் பெயரையும் அறிந்து திரும்ப வேண்டும். கீழாநிலைக் கோட்டை மதிலைக் காண்பவன், அதற்கு எழுதப்பட்ட விலை ஓர் யானை அன்று, இருநூறாண்டுப் பழிச்சொல் என்று உணர வேண்டும்.

அந்த உணர்வு வந்த நாளில், தமிழன் தமிழனைப் பார்த்து "நீ காட்டிக் கொடுத்த ஊரா?" என்று கேட்கும் கேள்வி நாவிலேயே நின்றுவிடும். "நம்மை நம்மிடமிருந்து பிரித்து வாங்கிய வீடு எது?" என்னும் கேள்வி அவ்விடத்தில் எழும். அக்கேள்வி எழுந்த இனத்தை எந்த வீடும் இனி விலைக்கு வாங்க முடியாது!